ஐயாயிரம் ரூபாய்க் கூட்டம்

அக்கா மகள் வர்ஜீனியாவில் இருக்கிறாள். ஏப்ரல் கடைசியில் ஒரு ராத்திரி கூப்பிட்டு, "மாமா, கூட்டம் நடத்துறதுக்குப் பரீட்சை எழுதப் போறேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊரில் தெருமுனையில் நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் மைக் கொண்டுவந்துவிடுவான். இதற்குப் பரீட்சை வேறா? அவள் சிரிக்கவில்லை. அமெரிக்க அரசு அலுவலகங்களின் மாநாடு, பயிற்சி வகுப்பு, ஆலோசனைக் கூட்டம் இவற்றை ஏற்பாடு செய்வதையே பிழைப்பாக வைத்திருப்பவர்களுக்கு அங்கே தனியாக ஒரு சங்கம் உண்டாம். 1981-இல் தொடங்கியது. மூன்று நாள் வகுப்பில் உட்கார்ந்து, தேர்வும் எழுதித் தேறினால் பெயருக்குப் பின்னால் சி.ஜி.எம்.பி. என்று நாலெழுத்து போட்டுக்கொள்ளலாம். ஹோட்டல் ஒப்பந்தம், தினப்படி விகிதம், யாரிடம் எவ்வளவு வரை அன்பளிப்பு வாங்கலாம், சக்கர நாற்காலியில் வருபவருக்கு வழி எப்படி விடுவது, எல்லாம் பாடம்.

"ஒரு ஆளுகிட்ட ஒரு தடவைக்கு இருபது டாலருக்கு மேல எதுவும் வாங்கக் கூடாது மாமா. வருஷத்துக்கு ஐம்பது. ஹோட்டல்காரன் நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுத்தாகூடக் கணக்குல வரும்."

தீபாவளிக்கு அலுவலகத்துக்கு வந்து குவியும் இனிப்புப் பெட்டிகளை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அவளே கேட்டாள்: "நம்ம ஊர்ல இதுக்குப் படிப்பு ஏதாவது உண்டா மாமா? நீங்க எத்தனை கூட்டம் நடத்தியிருப்பீங்க!"

நடத்தினேன்தான். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றது வரை முப்பத்து மூன்று வருடம். பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி. தேர்வாணையம் வருடத்துக்கு இரண்டு தடவை நடத்துகிற துறைத் தேர்வுகள். அவற்றில் சில தாள்களைப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம், ஆனாலும் தோற்றுப்போகிறவர்கள் உண்டு. எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதே தெரியாதவனுக்குப் புத்தகம் இருந்தென்ன? அலுவலக நடைமுறை நூல் எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம். கடிதம் எப்படிப் பதிவாக வேண்டும், கோப்பு எப்படிக் கட்டப்பட வேண்டும் என்று அது சொல்லும். மேடையில் எத்தனை நாற்காலி போடலாம் என்று சொல்லாது. அது கணக்கில்லை, அரசியல். அதையெல்லாம் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

"அப்படி ஒண்ணும் கிடையாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். சொன்னது சரிதானா என்ற சந்தேகம் அன்று ராத்திரியே வந்துவிட்டது. இரண்டு நாளில் மே 1. ஊராட்சிகளில் கிராம சபை கூடும் நாள்.

*

எனக்குக் கிராம சபை கிடையாது. அம்பத்தூர்க்காரன். 2011-இல் எங்கள் நகராட்சியைச் சென்னை மாநகராட்சி விழுங்கியபோது நாங்கள் ஏழாவது மண்டலம் ஆனோம். நகர்ப்புறத்துக்கும் பகுதி சபை என்று ஒன்று வந்துவிட்டது; 2022 நவம்பர் 1-ஆம் தேதி பம்மலில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். என் தெருவில் அது எப்போது கூடுகிறது என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர், மெட்ரோ வாட்டர் லாரி எப்போது வரும் என்பதை மட்டும் சரியாகச் சொல்வார்.

ஆகவே கூட்டம் பார்க்க வெளியூர்தான் போக வேண்டும். என்னுடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர் பூந்தமல்லி ஒன்றியத்தில் ஓர் ஊராட்சியில் அடுக்குமாடி வீடு வாங்கிக் குடியிருக்கிறார். ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். அங்கே நடந்ததை எழுதினால் யாருக்காவது மெமோ வரும், அந்தப் பாவம் எனக்கெதற்கு?

காலை எட்டரைக்கே வெயில் சுள்ளென்று இருந்தது. கத்திரி தொடங்க மூன்று நாள் பாக்கி. மே தின விடுமுறை என்பதால் எஸ்டேட் சாலையில் லாரிகள் இல்லை. மூடிய ஷட்டர்களுக்கு முன்னால் தொழிற்சங்கக் கொடிக் கம்பங்களில் மட்டும் புதுத் துணி. அத்திப்பட்டு, அயனம்பாக்கம் என்று சுற்றி வானகரத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்தேன். 2022-இல் அ.தி.மு.க. பொதுக்குழு கூடிய கல்யாண மண்டபம் இங்கேதான் இருக்கிறது. அந்த ஜூன் மாதக் கூட்டத்தில் தண்ணீர் பாட்டில்கள் பறந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, ஒரு பழைய கூட்ட ஏற்பாட்டாளனாக எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: பாட்டில் கொடுத்திருக்கக் கூடாது, டம்ளர் வைத்திருக்க வேண்டும்.

குமணன்சாவடியிலிருந்து பூந்தமல்லி வரை மெட்ரோ தூண்கள் கூடவே வருகின்றன. பஸ்ஸின் நெற்றியில் பூந்தமல்லி. கோயில் சுவரில் பூவிருந்தவல்லி. கண்டக்டர் வாயில் பூனமல்லி. குமணன்சாவடி, கரையான்சாவடி என்று சாவடி சாவடியாக இறங்குகிறார்கள். இதே சாலையில் மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். அதன் பக்கத்தில்தான் செங்காடு கிராமம். 2022 ஏப்ரல் 24, தேசிய ஊராட்சி நாளன்று முதலமைச்சர் கலந்துகொண்ட கிராம சபை அங்கே நடந்தது. இன்னும் மேற்கே காஞ்சிபுரம், அங்கிருந்து தெற்கே இறங்கினால் உத்திரமேரூர். கூட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம்மவர் யாரும் உத்திரமேரூரைத் தொடாமல் முடிப்பதில்லை, நானும் தொட்டுவிடுகிறேன். பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் வருடக் கல்வெட்டுகள். குடவோலையையும் குடத்தையும் எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதில் வரும் தகுதிப் பட்டியல். முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள். வரி கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் வரக் கூடாது, அவன் உறவுக்காரனும் வரக் கூடாது. நிலமில்லாதவனுக்கும் பெண்ணுக்கும் அந்தச் சபையில் இடமில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அன்று நான் பார்க்கப்போன சபையில் வந்திருந்தவர்களில் முக்கால்வாசி, நிலமில்லாத பெண்கள்.

*

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. வேப்பமரம் ஒன்று, அதை ஒட்டி ஷாமியானா. பத்து மணிக்குப் போனபோது நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும் வேலை வாங்கிக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் இரண்டு செல்போனுமாக நின்றிருந்தார் ஊராட்சி செயலர். நாற்பது வயதிருக்கும். நண்பர் என்னை அறிமுகம் செய்தார். "உட்காருங்க சார்" என்றார், ஆனால் நாற்காலி காட்டவில்லை. அதற்குக் காரணம் பிறகு புரிந்தது.

கிராம சபைக்கு விதி உண்டு. 1994-ஆம் வருடத்து ஊராட்சிகள் சட்டம், 1998-இல் வந்த விதிகள், அதற்கு மேல் ஒவ்வொரு முறையும் மாவட்டத்திலிருந்து வரும் சுற்றறிக்கை. ஏழு நாள் முன்னால் அறிவிப்பு கொடுக்க வேண்டும். காலை பதினொரு மணிக்குத் தொடங்க வேண்டும். மதச் சார்புள்ள எந்த வளாகத்திலும் நடத்தக் கூடாது. ஒரே இடத்தில் நடத்தாமல் சுழற்சி முறையில் இடம் மாற்ற வேண்டும். குறைவெண் வரம்பும் உண்டு: 500 பேர் உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. அந்த எண்ணிக்கை சேராவிட்டால் நடந்தது கூட்டமே இல்லை.

அந்த ஊருக்கு 200 பேர். பதினொன்று அடிக்கும்போது நான் எண்ணியதில் எழுபதுகூட இல்லை. செயலர் பதறவில்லை. ஒரு போனில் தூய்மைக் காவலரிடமும் இன்னொன்றில் நூறு நாள் வேலைப் பணித்தளப் பொறுப்பாளரிடமும் பேசினார். பதினொன்றே காலுக்குச் சாலை முனையில் பெண்கள் கூட்டமாக வருவது தெரிந்தது. இதை ஏமாற்று என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். அடுக்குமாடிக் குடியிருப்பில் முந்நூறு குடும்பம் இருக்கிறது, அங்கிருந்து வந்தவர்கள் மூன்று பேர்; அதில் ஒருவர் என் நண்பர். வந்தவர்களை வைத்துத்தானே சபை?

நாற்காலிகள் வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் போய்விட்டன. மேடை கிடையாது. அதிகாரிகளுக்கும் அதே தரையில், அதே நீல நாற்காலி. "மேல ஏறி உட்கார்ந்தா கீழ இருக்கிறவங்க மனு கொடுப்பாங்க சார். சமமா உட்கார்ந்தா பேசுவாங்க" என்றார் செயலர், எனக்குப் பின்னால் வந்து நின்று, போகிற போக்கில். முப்பத்து மூன்று வருடத்தில் நான் மேடை போடாமல் ஒரு கூட்டமும் நடத்தியதில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். போன சபை ஊர்ப் பக்கம் நடந்ததாம், இந்த முறை காலனிப் பக்கப் பள்ளி. சுழற்சி விதி. ஊர்ப் பக்கத்து ஆண்கள் சிலர் பந்தலுக்குள் வரவில்லை. கைப்பம்பு அருகே பைக்கில் சாய்ந்து நின்றபடியே கேட்டார்கள். செயலர் கையெழுத்துத் தாளை அங்கேயே கொண்டுபோய் வாங்கிக்கொண்டார். அவர்களை உள்ளே கூப்பிடவும் இல்லை, தாளில் விட்டுவிடவும் இல்லை. இது எந்தப் பாடத்திட்டத்திலும் இருக்காது. சரியா தப்பா என்று எனக்கே இன்னும் தீரவில்லை. ஆனால் விதி இல்லாவிட்டால் அந்தப் பள்ளிக்கூட வாசல் வரைகூட அவர்கள் வந்திருக்க மாட்டார்கள்.

விடுமுறையில் இருந்த இரண்டு சிறுமிகள் தமிழ்த்தாய் வாழ்த்து பாடினார்கள். ஒலிப்பதிவைப் போடாமல் வாயால் பாட வேண்டும் என்பது 2021 டிசம்பர் அரசாணை. ஐம்பத்தைந்து வினாடியில் முடிய வேண்டியது, சிறுமிகளுக்கு ஒன்றரை நிமிடம் ஆயிற்று. யாருக்கும் அவசரமில்லை.

தலைவர் இல்லை. திருவள்ளூர் மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து, 2025 ஜனவரி 5-ஓடு பதவிக்காலம் முடிந்துவிட்டது. அதன் பிறகு தனி அலுவலர் நிர்வாகம். சபையைக் கவனிக்க வேறு துறையிலிருந்து ஓர் அலுவலர் வந்திருந்தார். அவருக்குப் பெயர் பற்றாளர். எங்கள் அரசாங்கத் தமிழில் அபூர்வமாகச் சில நல்ல சொற்கள் பிறந்துவிடும். இது அதில் ஒன்று. பற்று இருக்கிறதோ இல்லையோ, பெயரில் இருக்கிறது. அவர் வேலை, கூட்டம் விதிப்படி நடந்தது என்று எழுதிக் கொடுப்பது. பாதி நேரம் செல்போன் செயலியில் புகைப்படம் ஏற்றிக்கொண்டிருந்தார்.

செயலர் படிக்க ஆரம்பித்தார். சென்ற நிதியாண்டின் வரவு செலவு. குடிநீர்ச் சிக்கனம். டெங்கு தடுப்பு. நெகிழி ஒழிப்பு. மாவட்டத்திலிருந்து வந்த பொருள்கள். எல்லா ஊரிலும் அதே நேரத்தில் அதே வரிகளைப் படித்துக்கொண்டிருப்பார்கள். பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். மூன்றாவது பொருளின் நடுவில் ஓர் ஆயா எழுந்து நின்றார்.

"அந்தப் பெரிய பில்டிங் தண்ணி எங்க வூட்டாண்ட வந்து நிக்குதும்மா. மழைக்கு முன்னாடியே இப்படின்னா மழையில இன்னா பண்றது?"

நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். "பொருள் எண் ஒன்பதில் பேசலாம், உட்காருங்கம்மா" என்றிருப்பேன். ஒன்பது வருவதற்குள் ஆயா சோறாக்கப் போயிருப்பார். செயலர் தாளை மடித்து இடுக்கிக்கொண்டு மைக்கை ஆயாவிடம் கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்து மைக் கீச்சென்று கத்திவிட்டுச் செத்தது. மைக் செட்காரர் ஒயரை அங்கே பிடுங்கி இங்கே செருகிக்கொண்டிருக்க, ஆயா மைக் இல்லாமலேயே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லி முடித்துவிட்டார்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் நான் பார்க்க வந்த விஷயம் என்று இப்போது நினைக்கிறேன். பற்றாளர், "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்னு போட்டுக்குங்க" என்றார். செயலர் தீர்மானப் புத்தகத்தை மடியில் வைத்து, ஆயாவிடமே கேட்டார். எந்தத் தெரு? எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை? எத்தனை நாளாக? ஓர் ஆள் நடந்து பார்த்து நூற்று நாற்பது அடி என்றார். இன்னொருத்தர் நூற்றைம்பது என்றார். ஒரு பையனை டேப் கொண்டு அனுப்பினார்கள். கூட்டம் நின்றது, பையன் வரும் வரை மோர் கொடுத்தார்கள். அவன் வந்து 140 என்று சொன்ன பிறகு புத்தகத்தில் தெருப் பெயர், நீளம், கழிவுநீர் எங்கிருந்து வருகிறது, வடிகால் எந்தக் கால்வாயில் போய்ச் சேர வேண்டும், மதிப்பீடு யார் தயாரிக்க வேண்டும், எல்லாம் ஏறியது. படித்துக் காட்டினார். ஆயா, "தெருவு பேரு தப்பு" என்றார். திருத்தினார்.

கூட்டம் முடிந்து அவரிடம் கேட்டேன், ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று.

"'ஆவன செய்யப்படும்'னு எழுதினா அடுத்த சபையில நான் பதில் சொல்லணும் சார். நூற்று நாற்பது அடின்னு எழுதினா எஞ்சினீயர் பதில் சொல்லணும்."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு முறை ஏரிக் கால்வாய் தூர்ந்துபோனதைப் பற்றி ஒரு விவசாயி குறைதீர் கூட்டத்தில் கால் மணி நேரம் பேசினார். நடவடிக்கைக் குறிப்பு எழுதியவன் நான். 'உரிய நடவடிக்கை எடுக்க அறிவுறுத்தப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்தேன். யாருக்கு அறிவுறுத்தப்பட்டது? அந்த வரியில் ஆளே இல்லை. செயப்பாட்டு வினையின் சௌகரியம் அது. நல்ல குறிப்பு என்று மேலதிகாரி பாராட்டினார். அந்த விவசாயி அதற்கடுத்த இரண்டு கூட்டத்துக்கும் வந்தார், பிறகு வரவில்லை.

"இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள்?"

"மறைமலை நகர்ல பயிற்சி கொடுத்தாங்க சார், சர்டிபிகேட்கூட இருக்கு." ஊரக வளர்ச்சித் துறையின் மாநிலப் பயிற்சி நிறுவனம் அங்கேதான். அக்கா மகளிடம் நான் சொன்ன பதில் தப்பு என்பது அந்த நிமிடத்தில் உறுதியாயிற்று. "ஆனா தண்ணிப் பிரச்சினையை முதல்ல பேச விட்டுடணும், அது தீராம நீ எதைப் படிச்சாலும் காதுல ஏறாதுன்னு சொல்லிக் கொடுத்தது எனக்கு முன்னாடி இருந்த செயலர்."

செலவைப் பற்றிக் கேட்டேன். கிராம சபை நடத்த ஆயிரம் ரூபாய் என்று இருந்ததை அரசு 2022-இல் ஐயாயிரமாக உயர்த்தியது. பந்தல், நாற்காலி, மைக், பேனர், மோர், தேநீர் எல்லாம் அதற்குள். பிளாஸ்டிக் கப் 2019 ஜனவரியிலிருந்து தடை என்பதால் எவர்சில்வர் டம்ளர்கள், அவற்றைக் கழுவ ஓர் ஆள். அதற்குக் கூலி எந்தத் தலைப்பில் எழுதுவது என்பது தனிக் கதை.

*

கரையான்சாவடியில் ஆவடி பஸ்ஸுக்காக நின்றபோது அந்த ஐயாயிரத்தை டாலரில் மாற்றிப் பார்த்தேன். அறுபதுக்குக் கொஞ்சம் கீழே.

அக்கா மகளின் பாடத்தில் லாஸ் வேகாஸ் கதை ஒன்று கட்டாயம் வருமாம். 2010 அக்டோபரில் அமெரிக்க அரசின் பொதுச் சேவைகள் நிர்வாகம் அங்கே ஓர் உல்லாச விடுதியில் தன் ஊழியர் சுமார் முந்நூறு பேருக்கு நாலு நாள் மாநாடு நடத்தியது. செலவு சுமார் 8,23,000 டாலர். ஒற்றுமை வளர்க்கச் சைக்கிள் பூட்டும் பயிற்சிக்கு 75,000. மனத்தில் இருப்பதைச் சொல்கிற வித்தைக்காரர் ஒருவருக்கு 3,200. இடம் பார்க்கவும் திட்டமிடவும் அந்த விடுதிக்கே ஆறு தடவை போய் வந்திருக்கிறார்கள். 2012 ஏப்ரலில் தணிக்கை அறிக்கை வந்ததும் தலைமை நிர்வாகி பதவி விலகினார். இதில் வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க அரசு ஊழியர் வெளியூர் போனால் தங்க எவ்வளவு, சாப்பிட எவ்வளவு என்று நாடு முழுக்க விகிதம் வகுப்பதே இந்த அலுவலகம்தான். அதற்குப் பிறகு ஒரு மாநாட்டுக்கு 1,00,000 டாலருக்கு மேல் போனால் துணை அமைச்சர் மட்டத்தில் அனுமதி வாங்க வேண்டும், 5,00,000-ஐத் தாண்டவே கூடாது, தாண்டினால் தனி விலக்கு வேண்டும் என்று ஆணை வந்தது. ஏற்பாடு செய்கிற ஆள் ஹோட்டல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது. அரசைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் பெற்ற ஒப்பந்த அலுவலர்தான் போடலாம். கூட்டம் நடத்துவது அங்கே தனித் தொழிலாக இறுகிப்போனதில் ஆச்சரியமில்லை.

அந்த வித்தைக்காரருக்குக் கொடுத்த பணத்தில் பூந்தமல்லிப் பக்கம் ஐம்பது கிராம சபை நடத்தலாம். மனத்தில் இருப்பதை அந்த ஆயா இலவசமாகவே சொன்னார்.

நம்மிடமும் கட்டுப்பாடுகள் உண்டு. ஐந்து நட்சத்திர விடுதிகளில் கூட்டம் வைக்காதீர்கள் என்று மத்திய நிதி அமைச்சகம் 2014-இல் சிக்கன ஆணை போட்டது. 2019 ஜூனில் மத்திய சுகாதார அமைச்சகம் இன்னும் ஒரு படி போய், கூட்டங்களில் பிஸ்கட் வைக்கக் கூடாது, வறுகடலை, பேரீச்சை, பாதாம், அக்ரூட் வையுங்கள் என்றது. உடம்புக்கு நல்லது, மறுக்கவில்லை. பட்ஜெட்டுக்கு நல்லதா என்று கடைக்காரரைக் கேட்டால் சொல்வார். அரசாங்கக் கூட்டம் என்றால் தட்டில் ஒரு சமோசா, இரண்டு பிஸ்கட், டிஷ்யூ பேப்பரில் மிக்சர் என்று வளர்ந்தவன் நான். ஒரு வகையில் அந்த மிக்சர்தான் கூட்டம் முடியப்போகிறது என்பதற்கு அறிவிப்பு.

*

சென்னீர்குப்பம், காடுவெட்டி, பருத்திப்பட்டு. இந்தச் சாலையில் எது ஊராட்சி, எது மாநகராட்சி என்று பஸ் ஜன்னலிலிருந்து சொல்ல முடியாது. ஒரு பக்கம் வயல் காய்ந்து மனைக்கல் நட்டிருக்கிறது. எதிர்ப் பக்கம் பதினான்கு மாடி. ஆவடி 2019-இல் மாநகராட்சியானது. பூந்தமல்லி, திருவேற்காடு, திருநின்றவூர் நகராட்சிகளையும் சுற்றுப்பட்டு ஊராட்சிகளையும் அதனோடு இணைக்கும் திட்டம் 2025 தொடக்கத்திலேயே வெளியாகிவிட்டது. இணைத்தால் சாலை வரும், பாதாளச் சாக்கடை வரும் என்கிறார்கள், வரலாம். வீட்டு வரி ஏறும், நூறு நாள் வேலை போகும் என்று அந்தப் பெண்கள் பந்தலில் பேசிக்கொண்டார்கள். கூடவே கிராம சபையும் போகும் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. சபையில் உட்கார்ந்திருக்கும்போது சபை போகப்போகிறது என்று யாருக்குத் தோன்றும்?

ஆவடியில் இறங்கியதும் டீ குடித்தேன். டீக்கடைக்காரரிடம் கேட்டேன்: "இங்கே ரொம்பப் பெரிய கூட்டம் ஒண்ணு நடந்ததே, தெரியுமா?" எந்தக் கட்சி என்றார்.

1955 ஜனவரி. காங்கிரசின் 60-ஆவது மாநாடு. மாநாட்டு நகருக்கு சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் வைத்திருந்தார்கள். யு.என்.தேபர் தலைமை, நேரு வந்திருந்தார். காமராஜ் முதலமைச்சராகி ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு ஆவடி என்பது யுத்த காலத்து ராணுவக் கிடங்குகளும் பொட்டலுமாகக் கிடந்த ஊர். அத்தனை கூட்டத்துக்கும் தண்ணீர், கக்கூஸ், சாப்பாடு, பந்தல் என்று ஓடிய மனிதர்களை நினைத்துப் பார்த்தேன். அவர்களில் ஒருத்தர் பெயரும் வரலாற்றில் கிடையாது. தீர்மானம் மட்டும் பாடப் புத்தகத்தில் இருக்கிறது: சோஷலிச மாதிரியான சமுதாயம் அமைப்பது.

என் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தீர்மானத்தைப் படித்தால், 'மாதிரி' என்ற சொல்லில் கை நிற்கிறது. சோஷலிசம் என்று சொல்லவில்லை, அதன் மாதிரி. எங்கள் 'ஆவன செய்யப்படும்' என்பதற்கு மிக நெருங்கிய சொந்தம். எல்லாரும் கை தூக்குவதற்கு ஏற்ற சொல். ஆனால் அதற்கடுத்த வருடம், 1956 ஏப்ரல் 30-இல் வந்த தொழிற்கொள்கைத் தீர்மானத்தைப் பாருங்கள். அரசே நடத்தும் என்று பதினேழு தொழில்களைப் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டது. பட்டியலில் முதல் வரி ஆயுதங்களும் பாதுகாப்புத் தளவாடங்களும். 1961-இல் இதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-இல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அங்கிருந்து இங்கே நேர்க்கோடு போட்டால் சரித்திரம் படித்தவர்கள் அடிக்க வருவார்கள். சீனப் போர், பாகிஸ்தான், ரயில் வசதி என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். சொல்லட்டும். தொழிற்சாலை மதில் ஓரமாக நடந்தபோது எனக்கு நினைவு வந்தது, செயலர் மடியில் இருந்த தீர்மானப் புத்தகமும் டேப்புடன் ஓடிய பையனும்தான்.

அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர். மின்சார ரயிலில் மூன்றே நிறுத்தம். காற்று வந்தது. எதிரில் ஒருவர் மே தினப் பேரணி முடிந்து சிவப்புத் துண்டோடு தூங்கிக்கொண்டிருந்தார்.

*

ராத்திரி ஒன்பதரைக்கு அக்கா மகள் கூப்பிட்டாள். அங்கே பகல் பன்னிரண்டு, சாப்பாட்டு நேரம். மாதிரி வினா ஒன்றைப் படித்துக் காட்டினாள். கூட்டம் முடிந்த பிறகு ஏற்பாட்டாளரின் முதல் கடமை எது என்று கேட்டு நாலு விடை கொடுத்திருந்தார்கள். ஹோட்டல் பில்லைச் சரிபார்ப்பது, கருத்துப் படிவம் சேகரிப்பது, நன்றிக் கடிதம் அனுப்புவது, கடைசியாக ஏதோ ஒன்று. "நீங்க எதைப் போடுவீங்க மாமா?"

காலையில் பார்த்ததைச் சொன்னேன். ஆயா, மைக், மோர், தெருப் பெயர் தப்பு. அவள் நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. டப்பாவில் ஸ்பூன் இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மறைமலை நகர்ச் சான்றிதழைச் சொன்னபோது, "அப்போ நம்ம ஊர்லயும் இருக்கு" என்றாள், என்னைப் பிடித்துவிட்ட குரலில்.

"இருக்கு. எனக்குத்தான் தெரியல."

"மாமா, அந்த வடிகால் வருமா?"

வரும் என்று சொல்ல வாய் வந்தது. பழைய பழக்கத்தில், ஆவன செய்வார்கள் என்றும் வந்தது. இரண்டையும் சொல்லவில்லை. அடுத்த சபை ஆகஸ்ட் 15, காலை பதினொரு மணி, இந்த முறை ஊர்ப் பக்கம் என்றேன். போனை வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய தினக் காலண்டரில் ஆகஸ்ட் பதினைந்து வரை விரலால் தள்ளி, அந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் '140 அடி' என்று எழுதினேன்.